பழைய கம்பெனி உங்க பான்ல தப்பான சம்பளத்தை ஏத்தி விட்டுருச்சா? அறிகுறியை வச்சு சரி பண்ற வழி

வேலையை விட்டு வந்தாச்சு, செட்டில்மெண்ட் காசும் வாங்கியாச்சு, ரிட்டர்ன் போடலாம்னு உக்காந்தா வருமான வரி போர்ட்டல்ல நீங்க வாங்காத சம்பளம் உங்க பேர்ல நிக்குது. இதைப் பாத்ததும் நெறைய பேரு "கவர்மெண்டே காட்டுது, அப்ப அதான் சரியா இருக்கும்"னு அந்தத் தொகையை அப்படியே போட்டு, வராத காசுக்கு வரி கட்டிடுறாங்க. இன்னும் சில பேரு கண்டுக்காம விட்டுட்டு, நோட்டீஸ் வந்தப்புறம் ஆடிட்டரைத் தேடி அலையுறாங்க. ரெண்டுமே வேணாம்.

மொதல்ல ஒன்னைப் புரிஞ்சுக்கங்க. அந்தத் தொகையை டிபார்ட்மெண்ட் எழுதல. உங்க பழைய கம்பெனி 3 மாசத்துக்கு ஒருக்கா 24க்யூன்னு ஒரு டிடிஎஸ் (சம்பளத்துல பிடிச்ச வரி) ஸ்டேட்மெண்ட் போடுது, அதுல இருக்கறது தான் உங்க பான்ல வந்து ஒக்காருது. அதனால போட்டவங்களே திருத்தி திரும்பப் போட்டா தான் மாறும். மதுரை பீபீகுளம் வருமான வரி ஆபீஸ்ல போய் நின்னாலும் அங்க இருக்கறவங்க கம்பெனி போட்ட ஸ்டேட்மெண்ட்ல கை வைக்க முடியாது. உங்க வேலை என்னன்னா, எந்த என்ட்ரி தப்பு, என்ன மாதிரித் தப்புன்னு கண்டுபிடிச்சு, கம்பெனி ஆளு யோசிக்கவே வேண்டியதில்லாத மாதிரி எழுதிக் குடுக்கறது, அது வரைக்கும் உங்க ரிட்டர்ன்ல உண்மையான தொகையை ஆதாரத்தோட போடறது.

எதை எல்லாம் எடுத்து வச்சுக்கணும்

போர்ட்டல்ல லாகின் பண்ணி ஏஐஎஸ் (உங்க பான்ல ரிப்போர்ட் ஆன வருமானம் எல்லாம் காட்டற அறிக்கை) ஒன்னு, 26ஏஎஸ் (உங்க பேர்ல பிடிச்ச வரியைக் காட்டற அறிக்கை) ஒன்னு டவுன்லோடு பண்ணுங்க. ஏஐஎஸ் பிடிஎஃப் பாஸ்வேர்டு, பான் நம்பர் சின்ன எழுத்துல, அப்புறம் பிறந்த தேதி, மாசம், வருசம், எல்லாம் சேத்து எழுதணும். இங்கயே ஒரு கொழப்பம் இருக்கு, ஏஐஎஸ் நிதியாண்டு கேக்கும், 26ஏஎஸ் அசெஸ்மெண்ட் இயர் கேக்கும். 2025-26ல வாங்கின சம்பளத்துக்கு 26ஏஎஸ்ல 2026-27 தான் போடணும். வருசத்தை மாத்திப் போட்டுட்டு கம்பெனி தப்பு பண்ணிருச்சுன்னு சண்டைக்குப் போறவங்க இருக்காங்க, அதனால இதை ரெண்டு தடவை பாத்துக்கங்க.

கூடவே கம்பெனி குடுத்த ஃபார்ம் 16 (சம்பளமும் பிடிச்ச வரியும் இருக்கற சர்டிபிகேட்), எல்லா மாசத்து பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மெண்ட், ரிலீவிங் லெட்டர், பிஎஃப் பாஸ்புக். பிஎஃப் பாஸ்புக்கை யாரும் யோசிக்க மாட்டாங்க, ஆனா எந்த மாசத்தோட உங்களுக்கு பிஎஃப் நின்னுச்சுன்னு அதுல மாசாமாசம் இருக்கு. கம்பெனியே கட்டினது, அதை அவங்களே மறுக்க முடியாது.

24க்யூ பத்தி இன்னும் ஒன்னு. அதுல அனெக்சர் 1 எல்லாக் காலாண்டுலயும் வரும், அது பிடிச்ச வரிக்கான விவரம். அனெக்சர் 2 ஜனவரி-மார்ச் காலாண்டுல மட்டும் வரும், அதுல தான் முழு வருசச் சம்பளம், கழிவு எல்லாம் இருக்கும். அந்தக் கடைசிக் காலாண்டு ஸ்டேட்மெண்டுக்குக் கெடு மே 31, ஃபார்ம் 16க்கு ஜூன் 15. அதனால ஏப்ரல்லயே ஏஐஎஸ்ஸைப் பாத்து "கம்மியா இருக்கு"ன்னு பதற வேணாம், ஜூன் பாதிக்கு மேல பாருங்க.

"நான் வாங்கினதை விட கொஞ்சம் கூடக் காட்டுது"

இதுல பாதி கேஸ் தப்பே கிடையாது. பேங்க்ல வந்தது கைக்கு வந்த சம்பளம், ரிப்போர்ட் ஆகறது பிஎஃப், தொழில் வரி, டிடிஎஸ் எல்லாம் பிடிக்கறதுக்கு முன்னாடி உள்ள மொத்தம். அப்புறம் மார்ச் மாசச் சம்பளம் ஏப்ரல்ல அக்கவுண்ட்டுக்கு வந்தாலும் அது மார்ச் முடிஞ்ச வருசத்துக் கணக்கு தான், ஏன்னா சம்பளம் எப்ப வரவேண்டியதாச்சோ இல்ல எப்ப கைக்கு வந்துச்சோ, அதுல எது முந்தியோ அது தான் கணக்கு. பேங்க் ஸ்டேட்மெண்ட்டைக் கூட்டிப் பாத்தா ஒரு மாசம் இடிக்கும், அது இதனால.

உண்மையிலேயே பாக்க வேண்டியது ஃபைனல் செட்டில்மெண்ட். லீவ் என்காஷ்மெண்ட், கிராஜுவிட்டி இதெல்லாம் மொத்தச் சம்பளத்தோட சேத்துக் காட்டிட்டு, விலக்கைக் கழிக்காம விட்டுருப்பாங்க. தனியார் கம்பெனி ஆளுங்களுக்கு வேலையை விடும்போது வாங்கற லீவ் என்காஷ்மெண்டுக்கு ஆயுசுக்கும் சேத்து 25 லட்சம் வரைக்கும் வரம்பு, கிராஜுவிட்டிக்கு 20 லட்சம், அதுக்குள்ள ஃபார்முலா படி எவ்வளவு வருதோ அது வரிக்கு வராது. இதுக்குக் கம்பெனி பின்னாடி அலைய வேணாம், செட்டில்மெண்ட் ஷீட்டை வச்சுக்கிட்டு நீங்களே ரிட்டர்ன்ல விலக்குக் கேக்கலாம்.

"ரெண்டு கம்பெனி சம்பளமும் சேந்து டபுளா நிக்குது"

இது தான் நம்ம பக்கம் அதிகமா வருது. சென்னைலயோ பெங்களூர்லயோ பாதி வருசம் பாத்துட்டு, வீட்டோட இருக்கலாம்னு மதுரைல வடபழஞ்சி ஐடி பார்க்குக்கோ இலந்தைக்குளத்துக்கோ மாறி வந்துருப்பாங்க. புதுக் கம்பெனி எச்ஆர் கேட்டுருப்பாங்க, இவங்களும் ஃபார்ம் 12பி பூர்த்தி பண்ணி பழைய சம்பள விவரத்தைக் குடுத்துருப்பாங்க. அது சரியான வேலை தான், குடுக்கணும். ஆனா அனெக்சர் 2ல "எங்க சம்பளம்"னு ஒரு கட்டம், "வேற முதலாளி கிட்ட வாங்கின சம்பளம்"னு இன்னொரு கட்டம் தனியா இருக்கு, புதுக் கம்பெனி ரெண்டையும் கூட்டி மொதக் கட்டத்துலயே போட்டுரும்.

கணக்கு போட்டுப் பாப்போம். 2025-26ல ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பழைய எடத்துல 5,20,000, அப்புறம் மதுரைல 6,20,000. மொத்தம் 11,40,000. புது வரி முறைல ஸ்டாண்டர்டு டிடக்சன் 75,000 போக 10,65,000, அது 12 லட்சத்துக்குள்ள வர்றதால ரிபேட் போக வரி சுத்தமா இல்ல. இப்ப புதுக் கம்பெனி 11,40,000ன்னு தன் கணக்குல போட, பழைய கம்பெனி 5,20,000ன்னு போட, ஏஐஎஸ்ல 16,60,000 நிக்கும். அதை நம்பி ரிட்டர்ன் போட்டா 15,85,000க்கு செஸ்ஸோட 1,22,460 ரூபா வரி. ஒரு பைசா கட்ட வேண்டாத ஆளு ஒன்னேகால் லட்சத்துக்குப் பக்கமா கட்ட வேண்டியிருக்கும், அம்புட்டும் ஒரு கட்டம் மாறிப் போனதால.

இதைக் கண்டுபிடிக்கறது சுலபம், புதுக் கம்பெனி காட்டற தொகைல இருந்து உங்க பே ஸ்லிப் கூட்டுத்தொகையைக் கழிங்க, மிச்சம் பழைய கம்பெனி சம்பளத்தோட ஒத்துப் போச்சுன்னா இது தான் வியாதி. திருத்த வேண்டியது புதுக் கம்பெனி, பழைய கம்பெனியைத் திட்டாதீங்க. இன்னொரு விசயம், பழைய கம்பெனியும் புதுசும் ரெண்டுமே தனித்தனியா ஸ்டாண்டர்டு டிடக்சன் குடுத்துருக்கும், உங்களுக்கு அது ஒரு தடவை தான். அதைச் சரியாப் போட்டா சில நேரம் கொஞ்சம் வரி கூடுதலா வரத்தான் செய்யும், அது நியாயமான வரி, கட்டிடுங்க.

"பே ஸ்லிப்ல டிடிஎஸ் பிடிச்சிருக்கு, 26ஏஎஸ்ல காணோம்"

இது தான் மனுசனை ரொம்ப நோகடிக்கற கேஸ், ஏன்னா உங்க காசைப் பிடிச்சுட்டு அவங்க கட்டாம வச்சிருக்கலாம். 26ஏஎஸ்ல அந்தக் கம்பெனி பேருக்குக் கீழ விரிச்சுப் பாத்தா ஒவ்வொரு என்ட்ரிக்கும் ஸ்டேட்டஸ்னு ஒரு எழுத்து இருக்கும். எஃப் இருந்தா பணம் சேந்துருச்சு. யூ இருந்தா ஸ்டேட்மெண்ட் போட்டாங்க, ஆனா அதுக்குச் சலான் (வரி கட்டின ரசீது) பொருந்தல, ஒன்னு கட்டவே இல்ல இல்ல சலான் நம்பர் தப்பு. ஓ இருந்தா சலான்ல கட்டினதை விட கூடுதலான தொகையை ஆளுங்களுக்குப் பங்கு போட்டுருக்காங்க. என்ட்ரியே இல்லைன்னா ஸ்டேட்மெண்ட்டே போடல, இல்ல உங்க பான்ல ஒரு எழுத்து மாறி வேற யாருக்கோ போய்ருச்சு.

பான் மாறிப் போனதுன்னா கம்பெனிக்கு அது சின்ன வேலை, ஒரு திருத்த ஸ்டேட்மெண்ட்ல முடிஞ்சுரும். கட்டவே இல்லைன்னா தான் சிக்கல். ஆனா சட்டம் இதுல உங்க பக்கம் நிக்குது. 1961 வருமான வரிச் சட்டம் 205ஆம் பிரிவு என்ன சொல்லுதுன்னா, சம்பளத்துல வரி பிடிச்சாச்சுன்னா அந்த அளவுக்கு உங்க கிட்ட திரும்பக் கேக்கக் கூடாது. நேரடி வரிகள் வாரியமும் 2015 ஜூன் 1லயும் 2016 மார்ச் 11லயும் இதையே அதிகாரிகளுக்கு எழுதி அனுப்பியிருக்கு. இந்த மாதிரி பாக்கியை உங்க அடுத்த வருச ரீஃபண்டுல கழிக்கவும் கூடாதுன்னு டெல்லி ஹைகோர்ட் 2023ல சொல்லிருக்கு.

சிஸ்டத்துக்கு இதெல்லாம் தெரியாது, நீங்க ரிட்டர்ன்ல டிடிஎஸ் கிளைம் பண்ணினாலும் 26ஏஎஸ்ல இல்லைன்னு டிமாண்ட் அனுப்பத்தான் செய்யும். வந்தா பதறிக் கட்டிடாதீங்க. போர்ட்டல்ல அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்ல போய் ஒத்துக்கலன்னு பதில் போடுங்க, பே ஸ்லிப்பும், கழிச்சது போக மிச்சச் சம்பளம் விழுந்த பேங்க் ஸ்டேட்மெண்ட்டும் வைங்க, உங்க அசெஸ்ஸிங் ஆபீசருக்கு 205ஐயும் அந்த ரெண்டு தேதியையும் குறிப்பிட்டு ஒரு மனு எழுதுங்க. மதுரை ஆளுங்களுக்கு இதுக்குத் தான் பீபீகுளம் போகணும். மனுவோட நகல்ல ரிசீவ்டு சீல் வாங்காம வெளிய வராதீங்க.

"வேலையை விட்டப்புறமும் சம்பளம் ஏறியிருக்கு" இல்ல "அந்தக் கம்பெனி யாருன்னே தெரியல"

விட்டப்புறம் ஏறியிருந்தா மொதல்ல போனஸ், அரியர், இன்சென்டிவ் ஏதாச்சும் பின்னாடி வந்துச்சான்னு பேங்க்ல பாருங்க. வரலன்னா, சில எடத்துல பேரோல்ல பேரை எடுக்காம விட்டுருப்பாங்க, சில எடத்துல செலவு காட்டறதுக்காக போன ஆளுங்க பேர்ல சம்பளம் எழுதுவாங்க. யாருன்னே தெரியாத கம்பெனின்னா பெரும்பாலும் பான் மாறி அடிச்சது, இல்ல உங்க பான் நகலை எங்கயோ குடுத்ததை வச்சு எழுதினது.

இங்க ஒரு ஆசை வரும், அதுக்கு இடம் குடுக்காதீங்க. அந்தப் பொய்ச் சம்பளத்துக்கு எதிர்ல கொஞ்சம் டிடிஎஸ்ஸும் கட்டியிருப்பாங்க, "வந்த வரைக்கும் ரீஃபண்ட் வாங்கிக்குவோம்"னு தோணும். டிடிஎஸ்ஸைக் கிளைம் பண்ணினா அந்த வருமானத்தையும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும். சம்பளம் என்னோடது இல்லைன்னா அந்த டிடிஎஸ்ஸும் என்னோடது இல்ல, ரெண்டையும் ரிட்டர்ன்ல விடணும். வேணும்னே எழுதியிருக்காங்கன்னு தெரிஞ்சா போலீஸ்லயும் ஒரு புகார் குடுத்து ரசீது வாங்கி வைங்க.

"சம்பளம்னு போடாம 194ஜேன்னு போட்டுருக்காங்க"

ஆஸ்பத்திரி, காலேஜ், ஸ்கூல் இங்கயெல்லாம் இது சகஜம். மாசச் சம்பளம் குடுத்துட்டு, 26ஏஎஸ்ல சம்பளத்துக்கான 192ஆம் பிரிவுக்குப் பதிலா தொழில்முறைக் கட்டணத்துக்கான 194ஜேன்னு 10 சதவீதம் பிடிச்சு, உங்களைத் தொழில்முறை ஆலோசகர் மாதிரி காட்டிருப்பாங்க. இதனால ஸ்டாண்டர்டு டிடக்சன் போகும், ஈசியான ரிட்டர்ன் ஃபார்ம் போட முடியாது. மொதல்ல உங்க ஆர்டரை எடுத்துப் படிங்க. அப்பாயின்ட்மெண்ட் ஆர்டர், பிஎஃப், லீவு, அட்டென்டன்ஸ்னு இருந்தா அது சம்பளம், திருத்தச் சொல்லிக் கேக்க உங்களுக்கு நியாயம் இருக்கு. கன்சல்டன்ட்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருந்தா கம்பெனி செஞ்சது தப்புன்னு சொல்ல முடியாது.

"ஃபார்ம் 16 ஒன்னு சொல்லுது, ஏஐஎஸ் ஒன்னு சொல்லுது"

அந்த ஃபார்ம் 16 ட்ரேசஸ்ங்கற டிடிஎஸ் வெப்சைட்ல இருந்து எடுத்ததான்னு பாருங்க, ட்ரேசஸ் லோகோவும் சர்டிபிகேட் நம்பரும் இருக்கணும். எக்செல்ல அடிச்சு சீல் வச்சுக் குடுத்தது செல்லாது. ட்ரேசஸ்ல எடுத்தது தான்னா, அதை எடுத்தப்புறம் அவங்க ஸ்டேட்மெண்ட்டைத் திருத்தியிருக்கலாம், புதுசா எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க.

கம்பெனிக்கு எப்படி எழுதறது

போன்ல பேசினா "பாக்குறோம் சார்"னு சொல்லி வச்சிருவாங்க. எழுதணும். யாரு தப்புன்னு எழுதாதீங்க, என்ன மாத்தணும்னு எழுதுங்க. கணக்குப் பிரிவுல இருக்கறவங்களுக்குத் திருத்தத்துல வகை இருக்கறது தெரியும், பான் மாத்தறது சி5, காலாண்டு என்ட்ரில ஆளோட விவரம் மாத்தறது சி3, அனெக்சர் 2 சம்பளம் மாத்தறது சி4. அந்த வகையையும் சேத்து எழுதினா அவங்க ஆடிட்டர் கிட்ட நேரா போய்ச் சேரும். இந்த மாதிரி:

"மதிப்பிற்குரிய கணக்குப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். நான் தங்கள் நிறுவனத்தில் (பணியாளர் எண்) (தேதி) வரை பணிபுரிந்தேன். 2025-26 நிதியாண்டு 4ஆம் காலாண்டு 24க்யூ அறிக்கை அனெக்சர் 2இல் என் பான் எண்ணுக்கு எதிரே மொத்தச் சம்பளம் ரூ. 11,40,000 எனப் பதிவாகியுள்ளது. தாங்கள் எனக்கு வழங்கியது ரூ. 6,20,000 மட்டுமே. மீதி ரூ. 5,20,000 என் முந்தைய நிறுவனம் வழங்கியது, அது வேறு முதலாளி என்ற கட்டத்தில் வர வேண்டும். சி4 திருத்த அறிக்கை தாக்கல் செய்து, அதன் டோக்கன் எண்ணையும் புதிய ஃபார்ம் 16ஐயும் அனுப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். சம்பளச் சீட்டுகளும் வங்கி அறிக்கையும் இணைத்துள்ளேன்."

மெயில்ல ஒன்னு, ஒப்புகையோட ஸ்பீடு போஸ்ட்ல ஒன்னு. டோக்கன் நம்பர் கேக்க மறக்காதீங்க, "போட்டாச்சு"ங்கற வார்த்தைக்கு அது ஒன்னு தான் அத்தாட்சி. தள்ளிப் போடவும் வேணாம், திருத்த ஸ்டேட்மெண்டுக்குக் காலவரம்பே இல்லாம இருந்துச்சு, 2025 ஏப்ரல்ல இருந்து 6 வருசம்னு ஆக்கினாங்க, 2026 ஏப்ரல் 1ல அமலுக்கு வந்த புதுச் சட்டத்துல அதை 2 வருசமாக் குறைச்சிருக்காங்க.

அதே நாள்ல ஏஐஎஸ்லயும் அந்த என்ட்ரியைத் தொட்டு ஃபீட்பேக் குடுங்க. டபுளா நின்னா டூப்ளிகேட், தொகை தப்புன்னா முழுசா சரியில்ல, வேற ஆளோடதுன்னா வேற பான் இல்ல வேற வருசம், சம்பந்தமே இல்லைன்னா மறுப்பு. சரியானதைத் தேர்ந்தெடுங்க, எல்லாத்துக்கும் மறுப்புன்னு அடிக்காதீங்க. 2024 மே மாசத்துல இருந்து அந்த ஃபீட்பேக் கம்பெனிக்குப் போச்சா, அவங்க ஒத்துக்கிட்டாங்களா மறுத்தாங்களான்னு அங்கயே தெரியுது. கம்பெனி ஒத்துக்கிட்டாலும் திருத்த ஸ்டேட்மெண்ட் தனியாப் போட்டா தான் வேலை முடியும்.

கம்பெனி பதிலே சொல்லலைன்னா

கொஞ்ச நாள் பாத்துட்டு ரெண்டாவது கடிதம், அதுல மரியாதையாவே ரெண்டு பிரிவைக் குறிப்பிடுங்க. ஸ்டேட்மெண்ட்ல தப்பான தகவல் குடுத்தா 271எச் படி 10,000ல இருந்து 1 லட்சம் வரை அபராதம், ஃபார்ம் 16 குடுக்கலைன்னா 272ஏ படி ஒரு நாளைக்கு 500 ரூபா. இதுக்கு அசைஞ்சு குடுக்கறவங்க உண்டு. அதுக்கும் வழியில்லைன்னா டிடிஎஸ் அதிகாரிக்குப் புகார். இங்க தான் பல பேர் வழி தப்பிப் போறாங்க. நீங்க மதுரைல இருந்தாலும் கம்பெனியோட டேன் (டிடிஎஸ் பிடிக்கறவங்களுக்குக் குடுக்கற நம்பர்) எந்த ஊர்ல இருக்கோ அந்த ஊரு டிடிஎஸ் அதிகாரி தான். டேன் சிஹெச்இன்னு ஆரம்பிச்சா சென்னை, பிஎல்ஆர்னா பெங்களூர். போர்ட்டல்ல லாகின் பண்ணாமயே டேன் விவரம் தேடற எடம் இருக்கு, அங்க அதிகாரி விவரம் வரும். போர்ட்டல் கிரீவன்ஸ்லயும் சிபிகிராம்ஸ்ங்கற மத்திய அரசு புகார் தளத்துலயும் அதே ஆதாரத்தோட ஒரு புகார் போட்டு நம்பரை வச்சுக்கங்க. கம்பெனி மூடி திவால் நடவடிக்கைல இருந்தா லிக்விடேட்டருக்கு எழுதணும்.

ரிட்டர்ன் கெடு வந்துருச்சு, இன்னும் திருந்தல

காத்துக்கிட்டு கெடுவை விடாதீங்க. தானா நிரம்பி வர்ற சம்பளத்தொகையை மாத்த முடியும், மாத்தி உண்மையானதைப் போட்டுத் தாக்கல் பண்ணுங்க. கூட்டுன கணக்கு ஒரு தாள்ல எழுதி பே ஸ்லிப்போட வைங்க. பின்னாடி 143(1)(ஏ)ல தொகையை மாத்தப் போறோம்னு தகவல் வந்தா 30 நாளுக்குள்ள பதில் போடணும், அந்தத் தாளும் கம்பெனிக்கு எழுதின கடிதமும் தான் உங்க பதில். அதை மீறி டிமாண்ட் போட்டா 154ல ரெக்டிபிகேசன், அதுவும் ஆகலைன்னா ஆர்டர் கிடைச்ச 30 நாளுக்குள்ள அப்பீல். ஏற்கனவே தப்பான தொகையைப் போட்டு வரி கட்டிட்டீங்கன்னா, திருத்திய ரிட்டர்ன் கெடுவுக்குள்ள திருத்திடுங்க. கெடு போனப்புறம் இருக்கற அப்டேட்டட் ரிட்டர்ன் வரியைக் குறைக்கவோ ரீஃபண்ட் கேக்கவோ உதவாது.

கம்பெனி திருத்தியாச்சுன்னு டோக்கன் அனுப்பினா, சில நாள் விட்டு 26ஏஎஸ்ஸைப் புதுசா எடுங்க. காலாண்டு என்ட்ரி மாறியிருந்தா பழைய என்ட்ரி மைனஸ் போட்டு ஒன்னு, புதுத் தொகையோட ஒன்னு, ரிமார்க்ல "பி"ன்னு இருக்கும். அனெக்சர் 2 மட்டும் மாறியிருந்தா 26ஏஎஸ்ல ஒன்னும் தெரியாது, ஏஐஎஸ்ல தான் பாக்கணும். அந்தப் பக்கத்தையும் புது ஃபார்ம் 16ஐயும் டவுன்லோடு பண்ணி கடிதத்தோட நகலோட சேத்து ஒரு ஃபைல்ல போட்டு வைங்க, தப்பான தொகையை வச்சு ஏற்கனவே கிளம்பின நோட்டீஸ் கொஞ்சம் லேட்டாக் கூட வந்து சேரும்.